சுண்டுவிரல்

பாபு ராவ் தெருவில் எங்கள் லாட்ஜ்.
பெயர்ப்பலகை வங்காளத்தில்; கீழே, இடமிருந்த வரைக்கும், தமிழ்.
ரிசப்ஷனில் என் தலைக்குப் பின்னால்
ஆறடிக்கு நாலடி யுத்தம்.
ராணிப்பேட்டைத் தோல்ஷாப் பங்களா ஏலத்தில்
நாற்பது இரும்புக் கட்டிலோடு சேர்த்து
இதையும் தள்ளிவிட்டார்கள் என்பார் முதலாளி ஃபயாஸ்.
வரைந்தவன் கையெழுத்தைக் கரையான் தின்றுவிட்டது.
சட்டத்துப் பித்தளையில் 'வேலூர்' மட்டும் மிச்சம்.

வந்து பார்த்து வரைந்தவன் இல்லை.
மலையில் மரமில்லை, ஆற்றில் தண்ணியில்லை என்று
ஊர்க்காரனே கேலி பேசும் ஊருக்கு
அவன் மலை நிறைய மரம் வைத்திருக்கிறான்,
பாலாற்றில் படகு விட்டிருக்கிறான்.
ஆற்காட்டிலிருந்து பதினாறு மைல் ஓடிவந்த குதிரைகள்
ஒரு சொட்டு நுரை இல்லாமல் கோட்டை வாசலில்.
துரைமார் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம்.
ஒருவனுக்கு மூக்கு நுனி வெயிலில் உரிந்திருக்கிறது.
கீழே, புகைக்குள், சிப்பாய்கள்.

211-ஆம் அறை ஹால்தார்தான் கண்டுபிடித்தார்.
கிருஷ்ணநகரில் சைன்போர்டு எழுதுகிறவர்.
மனைவிக்கு ரத்தத்தில் என்னவோ. பதினேழு நாளாக டோக்கன்.
தூக்கம் வராமல் இறங்கி வருவார்;
நான் ரசீது எழுத, அவர் படம் பார்ப்பார்.
ஒரு ராத்திரி பஞ்சை எச்சிலில் நனைத்து
ஒரு ரூபாய் அகலத்துக்குத் துடைத்தார்.
டீக்கறைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது.
கதவிடுக்கில் நசுங்கி
வெளிப்பக்கமாகவே வளர்ந்துவிட்ட சுண்டுவிரல்.

"இதுவும்" என்றார், அரைகுறை இந்தியில்.
"அதோ, குதிரைக் காலடியில், அதுவும்."
டார்ச் அடித்து எண்ணினோம்.
பதினோரு பிணம். ஒரே விரல்.

கப்பலில் கரி அள்ளப் போய்
லண்டனில் நின்றுவிட்ட எவனோ.
ஒரு நாள் கூலிக்கு மல்லாந்து, மறுநாள் குப்புற,
வெள்ளிக்கிழமை படிக்கட்டில் தலைகீழாக.
போடமாட்டோம் என்று எந்தத் தொப்பிக்காக எழுந்தார்களோ
அதையே வாடகைக்கு எடுத்து
அவன் தலையில் மாட்டியிருப்பார்கள்.
'அசையாதே' என்பது மட்டும்
அவனுக்குப் புரிந்த இங்கிலீஷ்.

ஏழாவது பிணத்துக்குக் கண் திறந்திருக்கிறது.
வானத்தைப் பார்க்கவில்லை, சுட்டவனையும் இல்லை.
சட்டத்துக்கு வெளியே, வலது மூலையில், எதையோ.
"அடுப்பு" என்றார் ஹால்தார்.
"அந்தப் பக்கம் அடுப்பு இருந்திருக்கும். முன்கையைப் பாருங்கள்."
மயிர் சிலிர்த்திருந்தது.
ஜூலை மாதத்து வேலூரில்
குளிரில் நடுங்குகிற ஒரு பிணம்.

படத்தில் அந்தச் சுவர் இல்லை.
பிடித்து இழுத்து வந்தவர்களை
வரிசையாய் நிறுத்திச் சுட்டார்களே,
பந்தாடும் முற்றத்துச் சுவர், அது.
ஒரு விரலை நூறு தரம் வரைய
வண்ணம் போதவில்லையோ என்னவோ.

ஹால்தார் நேற்றுக் காலி செய்தார்.
ரிப்போர்ட் என்ன என்று நான் கேட்கவில்லை.
அந்த அம்மா ஆட்டோவில் உட்கார்ந்து
கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது.
அட்வான்சில் மீதி அறுநூறை எண்ணி வாங்கியவர்
தான் துடைத்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று விடியற்காலை மூன்றுக்குக் கரண்ட் போனது.
மொசைக் தரையில் படுத்துப் பார்த்தேன்,
குப்புற, இடது கை தலைக்கு மேல், மூன்றாம் பிணம் மாதிரி.
தாடை சில்லிட்டது.
இருநூறு வரை எண்ணுவதாகக் கணக்கு.
நூற்றுப் பன்னிரண்டில் மூக்கு அரித்தது.
சொறியவில்லை.

வாசலில் காட்பாடி ஆட்டோ. பெட்டி இழுபடும் சத்தம்.
"ரூம் ஆச்சே, தாதா?"
எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன்.
சாயங்காலமானால் அவனும் எழுந்திருப்பான்,
பதினோரு தரமும்,
காசை வாங்கி எண்ணிக்கொண்டு.

"ஆச்சே" என்றேன்.
இருட்டில் ஆணி ஆணியாகத் தடவி
211-ஐ எடுத்துக் கொடுத்தேன்.